கறுப்புக் கண்ணாடியும் தாய்மாமன் மடியும்

கண்ணாடி போடுகிறவன் கண்ணாடிக் கடைக்குத் தனியாகப் போகக் கூடாது. புது ஃபிரேமைப் போட்டுப் பார்க்கப் பழையதைக் கழற்ற வேண்டும். கழற்றினால் எதிரே இருக்கும் நிலைக்கண்ணாடியில் தன் மூஞ்சி மட்டுமல்ல, அந்த நிலைக்கண்ணாடியே தெரியாது. இப்படி ஒரு நிலையில் மனிதன் எடுக்கிற முடிவு உருப்படுமா? என் முடிவு உருப்படவில்லை.

விருத்தாசலத்தில் ஒரு பீங்கான் பட்டறையில் நான் விற்பனை ஆள். ஃபியூஸ் கேரியர்களைப் பையில் போட்டுக்கொண்டு வேப்பூர், மங்கலம்பேட்டை என்று எலெக்ட்ரிக்கல் கடை கடையாக பைக்கில் அலைவது வேலை. சர்க்கரைக்குப் பயந்து காலையில் சைக்கிள் வேறு. ரோட்டு வெயிலும், பட்டறை வாசலில் காயப்போட்ட வெள்ளைச் சாமான்கள் மேல் பட்டு எகிறும் வெளிச்சமும் சேர்ந்து கண் பூத்துப்போனது. பவரோடு ஒரு கூலிங்கிளாஸ் போட்டுவிடலாம் என்று கடைக்குப் போனேன்.

கடைக்காரர் பொறுமைசாலி. பழுப்பு போட்டால் பள்ளம் மேடு எடுப்பாகத் தெரியும், வண்டிக்கும் சைக்கிளுக்கும் அதுதான் தோது என்றார். சாம்பல் போட்டால் நிறங்கள் மாறாது, மப்பு மந்தாரமான நாளுக்கு மஞ்சள் என்றார். எல்லாவற்றையும் தலையாட்டிக் கேட்டுவிட்டு, இருப்பதிலேயே கறுப்பு எது என்று கேட்டேன். (வாங்குவதே கறுப்புக் கண்ணாடி, அதில் என்ன கஞ்சத்தனம்?) அவ்வளவு கறுப்பு வீட்டுக்குள் ஆகாது, இதற்குத் தனியாக ஒரு ஃபிரேம் எடுத்துக்கொள்ளுங்கள் என்றார். நான் வீட்டுக்குள் தங்குகிற ஆளே இல்லை என்று பெருமையாகச் சொல்லி, போட்டிருந்த ஒரே ஃபிரேமில் மாட்டச் சொன்னேன். கழற்றிய பழைய லென்ஸை வீட்டில் பத்திரமாக வைத்தேன். பத்திரமாக வைத்த எதுவும் எங்கள் வீட்டில் திரும்பக் கிடைத்ததில்லை.

இதெல்லாம் நடந்தது தங்கை மகளின் காதுகுத்துக்கு முந்தின சாயங்காலம். என் மனைவி அன்று காலையிலேயே வரிசைத் தட்டுகளோடு சேத்தியாத்தோப்புக்கு பஸ் ஏறிவிட்டாள். அப்பா அம்மா போன பிறகு தங்கைக்குப் பிறந்த வீடு என்றால் நான்தான். குழந்தை என் மடியில் உட்கார்ந்துதான் மொட்டையும் காதுகுத்தும். சொந்த மாமன் மடி கிடைக்காத பிள்ளை என்று புகுந்த வீட்டில் ஒரு பேச்சு கிளம்பினால் ஆயுசுக்கும் அதைக் கேட்கப்போவது அவள்தான்.

மறுநாள் பைக்கில் போனேன். முன்னால் போன வைக்கோல் லாரி வழிவிடவே இல்லை. லென்ஸின் ஓரம் வழியாகத் தூசி முழுக்கக் கண்ணுக்குள் போனது. வண்டியை நிறுத்தி நிறுத்திக் கசக்கினேன். வெயிலிலிருந்து தங்கை வீட்டுக்குள் கால் வைத்ததும் உலகமே அணைந்துபோனது. நாற்காலியில் தொங்கிய ஒரு சட்டையைக் கும்பிட்டு, நல்லா இருக்கீங்களா மாமா என்று விசாரித்தேன். தங்கையின் மாமனார் எனக்குப் பின்னால் நின்றிருந்தார்.

வீட்டுக்குள் கறுப்புக் கண்ணாடியோடு ஒருவன் தடவித் தடவி நடந்தால் நம் ஊரில் அதற்கு ஒரே அர்த்தம்தான்: மெட்ராஸ் ஐ. பார்த்தாலே ஒட்டிக்கொள்ளும் என்பது ஊர் அறிந்த உண்மை. கூட்டம் மெல்ல விலகியது. என்னிடம் பேசியவர்கள் எல்லாரும் தரையைப் பார்த்தே பேசினார்கள். தாய்மாமனுக்கு என்ன ஒரு மரியாதை என்று நான் பூரித்துப்போனேன்.

தங்கையின் மாமியார்தான் விஷயத்தை உடைத்தார்.

"தப்பா எடுத்துக்காதீங்க தம்பி. கொழந்தைக்கு ஒட்டிக்கும். ஒங்க பெரியப்பா மவன் இருக்காங்கல்ல, அவங்களும் மாமன் மொறதான. அவங்க மடியில வச்சிக்கிறோம்."

பெரியப்பா மகன் அதற்குள் வேட்டியை இறுக்கிக் கட்டிக்கொண்டு மணைக்குப் பக்கத்தில் வந்து நின்றுவிட்டான். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நோயும் இல்லை, நொடியும் இல்லை, இது வெறும் கூலிங்கிளாஸ், நன்றாகப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று கழற்றிக் காட்டினேன். வைக்கோல் தூசியில் இரண்டு கண்ணும் பழுத்த தக்காளியாக இருந்தது எனக்கு எப்படித் தெரியும்? முன்வரிசை எழுந்து பின்வரிசைக்குப் போனது மட்டும் மங்கலாகத் தெரிந்தது. அந்த முன்வரிசையில் என் மனைவியும் இருந்தாள்.

காது குத்த வந்த பத்தர், நல்ல நேரம் முடியப்போகிறது என்றார். தங்கை குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு என் பக்கத்தில் வந்து நின்றாள். கண்ணாடி இல்லாததால் அவள் முகம் தெரியவில்லை. குரல் மட்டும் கேட்டது.

"எங்க அண்ணன் மடியிலதான் குத்தணும் அத்தை. பாத்தாதான ஒட்டும்? கண்ணக் கட்டிவுட்டுடுங்க."

இதிலுள்ள வைத்திய ஞானத்தை அங்கே ஒருவரும் மறுக்கவில்லை. மாமியார் கொஞ்சம் யோசித்தார். முடிச்சு கெட்டியாக இருக்க வேண்டும், கையைச் சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும் என்றார். மாப்பிள்ளை தன் தோள் துண்டை எடுத்து என் கண்ணைச் சுற்றிக் கட்டினார். (இரட்டை முடிச்சு. நல்ல மனுஷர், ஆனால் அம்மா பிள்ளை.) பெரியப்பா மகன் நகர்ந்து வழிவிட்டான் என்று பிறகு சொன்னார்கள். அந்த முகத்தைப் பார்க்கக் கொடுத்துவைக்கவில்லை.

குழந்தை மடிக்கு வந்தாள். மழித்த முடி என் முழங்கையில் விழுந்தது. பத்தர் குத்தியபோது வீறிட்டு என் கட்டைவிரலைப் பிடித்துக்கொண்டாள். சுற்றிலும் யார் இருந்தார்கள், என்ன சொன்னார்கள் என்று எதுவும் தெரியவில்லை. அந்தப் பிடி மட்டும்தான் தெரிந்தது. துண்டுக்குள் அழுதுவிட்டேன்.

அப்போது எடுத்த படத்தைத் தங்கை பெரிதாக்கி ஹாலில் மாட்டியிருக்கிறாள். யாரோ கடத்திக்கொண்டு வந்த ஆளின் மடியில் பிள்ளையை உட்காரவைத்த மாதிரி இருக்கும். வருகிறவர்கள் எல்லாரும் யார் இது என்று கேட்கிறார்கள். மருமகள் இப்போது பள்ளிக்கூடம் போகிறாள், பதிலை அவளே சொல்லிவிடுகிறாள்.

"எங்க மாமா. ஊசியப் பாக்க பயந்துக்கிட்டு கண்ணக் கட்டிக்கிட்டாங்க. குத்துனது எனக்கு, அழுதது அவங்க."

துண்டு நனைந்திருப்பது படத்தில் தெளிவாகத் தெரிவதால் நான் வாயைத் திறப்பதில்லை.