உயிரோடிருந்த அண்ணனுக்கு இரங்கல்

செல்வி, முத்து, உங்கள் இரண்டு பேரையும் ஒரு மத்தியானத்தில் இழுத்துப் பிடித்துத் தலைக்குத் தண்ணீர் ஊற்றினேனே, ஞாபகம் இருக்கிறதா? அது ஏன் என்று இப்போது ஒப்புக்கொள்கிறேன்.

கொரோனா ஊரடங்கில் திருக்கோகர்ணத்தில் என் டூவீலர் பட்டறை பூட்டிக் கிடந்தது. எனக்கு மிச்சமிருந்த ஒரே வேலை போன் பார்ப்பது. எந்த ஊரில் யார் போனார்கள், எங்கே ஆக்சிஜன் இல்லை என்று விடிய விடியப் பார்ப்பேன். கண்ணை மூடினால் நெஞ்சு படபடக்கும். படபடப்பு அடங்க மறுபடி போனை எடுப்பேன். (தீப்புண்ணுக்கு மிளகாய்ப்பொடி போட்ட மாதிரி!) பகலெல்லாம் பாதித் தூக்கத்தில் திரிந்தேன்.

அப்போதுதான் பொன்னமராவதியில் உங்கள் பெரியப்பாவுக்குக் காய்ச்சல் வந்தது. நாலாம் நாள், பங்காளிகள் வாட்ஸ்அப் குரூப்பில் அவர் மகன் அவருடைய படத்தைப் போட்டான். படத்தைப் பார்த்தேன். கீழே எழுதியிருந்ததைப் பார்க்கவில்லை. அந்த நாட்களில் குரூப்பில் படம் வந்தாலே ஆள் இல்லை என்றுதான் அர்த்தம். "அண்ணனுக்கு ஆழ்ந்த இரங்கல்" என்று அழுதுகொண்டே அடித்து அனுப்பினேன். கூடப் பிறந்தவனே சொல்லிவிட்டான் என்று பங்காளிகள் வரிசையாக இரங்கினார்கள். ஒருவர் படத்துக்கு மாலையே போட்டுவிட்டார்.

பங்காளித் தீட்டு ஆயிற்றே! அதற்குத்தான் உங்களுக்கு அந்தக் குளியல். அதற்குள் உங்கள் அம்மா போனும் கையுமாக ஓடிவந்தாள்.

"ஏங்க, 'ஆஸ்பத்திரில சேத்திருக்கோம், எல்லாரும் வேண்டிக்கங்க'ன்னுல்ல போட்டிருக்கு! கண்ணு அவிஞ்சா போச்சு ஒங்களுக்கு?"

ஈரத் துண்டோடு நின்றேன். என் போன் அடித்தது. பெரியப்பாவேதான். மூச்சு வாங்கியது.

"தம்பி... டாக்டர் ஒங்கிட்ட எதுவும் சொன்னாரா? எங்கிட்ட மறைக்கிறாகளா?"

"இல்லண்ணே, படிக்காமப் போட்டுட்டேண்ணே..."

"தெரியாமலா போடுவ? கூடப் பொறந்தவன்டா நீ."

எத்தனை சத்தியம் செய்தும் அவர் நம்பவில்லை. கண்ணை மூடினால் போய்விடுவோம் என்று பயந்து, ஆஸ்பத்திரியில் இருந்தவரை தூங்கவே இல்லையாம். என் வியாதியை அவருக்கு ஒட்டவைத்துவிட்டேன்.

பிழைத்து வந்துவிட்டார். இன்றைக்கும் விசேஷ வீடுகளில், "வாடா, என்னையக் கொன்ன தம்பி! இன்னைக்கு யாருக்கு மாலை?" என்பார். பந்தியே சிரிக்கும். நானும் சிரிப்பேன். போன மாதம் காதுகுத்தில் அப்படிச் சிரித்து ஓய்ந்தபோது, பெரியம்மா எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி சொன்னார்:

"இன்னமும் ராத்திரியில லைட்ட அமத்த விடமாட்டாக தம்பி."

வீட்டுக்கு வந்ததும் தனியாக மாடிக்குப் போய், குரூப்பில் அந்த இரங்கல் வரியைத் தேடிப் பிடித்து அழித்தேன். என் போனிலிருந்து மட்டும்தான் அது போனது.