மச்சான் சொன்ன வழியில் போய் மணலில் புதைந்த கதை

கில்டாரா, மேயோ
வியாழக்கிழமை

மச்சான் மலாக்கிக்கு,

ஃபின்டன் எழுதுவது. நானும் உன் தங்கை டிம்ப்னாவும் இங்கே உயிரோடு இருக்கிறோம். உன் நலம் அறிய இப்போதைக்கு எனக்கு ஆவல் இல்லை.

"நீ ரிட்டயர் ஆனதிலேர்ந்து டிம்ப்னா உருளைக்கிழங்கு உரிக்கறதுலகூட குத்தம் கண்டுபிடிக்கறியாம். காரை எடுத்துக்கிட்டு ரெண்டு பேரும் மேற்குப் பக்கம் ஒரு சுத்து சுத்திட்டு வாங்க, சண்டையெல்லாம் தீந்துடும்" என்று சொன்னது நீதானே? சாலையாம் சாலை! நடுவில் புல் முளைத்திருக்கிறது. ஒரு கிழவரிடம் வழி கேட்டால், "எரிஞ்சு போன பால் பண்ணைகிட்ட இடது பக்கம் திரும்பு" என்கிறார். அது எங்கே இருக்கிறது என்றேன். "எங்க இருக்கும்? அதான் எரிஞ்சு போச்சுன்னு சொல்றேனே" என்று என்மேல் எரிந்து விழுந்தார். டிம்ப்னா விழுந்து விழுந்து சிரித்தாள். மழை வேறு. வழி கேட்க ஒரு பப், கை கழுவ ஒரு பப், மழைக்கு ஒதுங்க ஒரு பப் என்று ஏறி இறங்கினோம். போன இடத்திலெல்லாம் அவளை நடுவில் உட்கார வைத்து, "நீ யார் வீட்டுப் பொண்ணும்மா?" என்று விசாரித்து, எப்படியாவது ஒரு உறவைக் கண்டுபிடித்துவிடுகிறார்கள். காரோட்டுகிறவன் என்பதால் எனக்கு மட்டும் ஒரு மூலையில் லெமனேட். வயிறு முழுக்க லெமனேட், மலாக்கி! நான் யார் வீட்டுப் பையன் என்று ஒரு நாய்கூடக் கேட்கவில்லை.

அதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொள்வேன். "கில்டாராவுல கோல்ம் கனீலியோட பப்ல மீன் சூப் சாப்பிடாம வந்துடாதே" என்றாயே, அந்தக் கோல்ம் ஒரு காலத்தில் உன் தங்கையைப் பெண் கேட்டவன் என்பதை ஏனய்யா சொல்லவில்லை? நாங்கள் உள்ளே நுழைந்ததும் அவன் கையிலிருந்த கிளாசை அப்படியே வைத்துவிட்டு, "டிம்ப்னா! குரல் இன்னும் இருக்கா?" என்கிறான். குரலா? என்ன குரல்? எனக்கு ஒன்றும் புரியவில்லை. கண்ணை மூடிக்கொண்டு அவள் பாட ஆரம்பித்தாள். மீன்காரர்கள் தொப்பியைக் கழற்றிவிட்டார்கள். பாடி முடித்ததும் எல்லாரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். நான், "சூப் ஆறிப்போச்சு" என்றேன்.

வாசலுக்கு வந்ததும் டிம்ப்னா என்னைச் சண்டைக்குப் பிடித்துக்கொண்டாள். நானும் விடவில்லை.

"இப்படிப் பாடறவ வீட்ல ஏன் ஒரு நாளும் பாடல?"

"பாடினேன். நீ ரேடியோவைச் சத்தமா வெச்சே."

அவளை வாசலிலேயே விட்டுவிட்டு, காரை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். போக வேறு வழியில்லாமல் கடற்கரையிலேயே இறக்கி, கொஞ்ச தூரம் ஓட்டி, நிறுத்தி, கோபம் தீரட்டும் என்று கண்ணை மூடினேன். கண்ணைத் திறந்தால் கடல் ஏறி வந்திருக்கிறது; சக்கரம் மணலுக்குள், தண்ணீர் கதவுக்கு வெளியே. உள்ளே வரப் பார்க்கிறது! காரின் கூரைமேல் ஏறி உட்கார்ந்துகொண்டேன். கரையில் மொத்தப் பப்பும் கையில் கிளாசோடு நின்று வேடிக்கை பார்க்கிறது. "யோவ், காரைக் கழுவணும்னா கடைக்குப் பின்னாடி குழாய் இருக்கே!" என்று ஒருத்தன் கத்துகிறான். டிம்ப்னா மட்டும் சிரிக்கவில்லை. முட்டி வரை தண்ணீரில் இறங்கி நின்று, "ஃபின்டன், அசையாதே! உனக்கு நீச்சல் தெரியாது!" என்று அலறினாள். அவளைக் கரைக்குத் திரும்பச் சொல்லிவிட்டு டிராக்டரோடு வந்து என்னை இறக்கியவன் யார் என்கிறாய்? கோல்ம்தான்! சும்மா இறக்கினானா? "அவ உன்னைத்தான் கட்டிக்கப் போறதா என்கிட்ட சொன்னப்போ, அவன்கிட்ட அப்படி என்ன இருக்குன்னு கேட்டேன். 'அவன்கிட்ட கார் இருக்கு'ன்னா" என்று சொல்லிவிட்டு, தண்ணீருக்குள் இருந்த என் காரையே பார்த்துக்கொண்டு நின்றான். மனுஷனா அவன்?

உப்புத் தண்ணீர் குடித்த கார் மெக்கானிக்கிடம் கிடக்கிறது. நாங்கள் பப்பின் மாடி அறையில் கிடக்கிறோம். கீழே தினமும் மாலையில் பாட்டு. ஊர்க்காரர்கள் என்னை 'கப்பல்காரர்' என்று கூப்பிடுகிறார்கள். எல்லாம் உன்னால் வந்தது. இந்தக் கிறிஸ்துமஸுக்கு எங்கள் வீட்டுப் பக்கம் தலைவைத்துப் படுக்காதே.

உன் மனைவி ஃபிலோமினாவுக்கு என் அன்பு. குழந்தைகளுக்கு ஆசிகள். உன்னைக் கடவுள் காப்பாற்றட்டும், என்னால் ஆகாது.

இப்படிக்கு,
தீராத கோபத்துடன்
ஃபின்டன் கெரட்டி

பி.கு.: சனிக்கிழமை டிம்ப்னா பாடுகிறாள். பக்கத்து ஊர்களிலிருந்தெல்லாம் ஆட்கள் வருகிறார்களாம். நீயும் ஃபிலோமினாவும் மத்தியானமே வந்துவிடுங்கள், முன்வரிசையில் உங்களுக்கு இடம் பிடித்து வைக்கிறேன். இன்னொன்று, வாயை விட்டுவிடாதே: கார் செவ்வாய்க்கிழமையே சரியாகிவிட்டது. அவளுக்குத் தெரியாது. மெக்கானிக்கைக் கெஞ்சிக் கூத்தாடி, உதிரி பாகம் இன்னும் வரவில்லை என்று சொல்ல வைத்திருக்கிறேன்.