ஆமை தின்னாத முதலைக்கு முந்நூறு ஸ்டிக்கர்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அய்யா அவர்களுக்கு,

அருள்புரத்திலிருந்து பூங்குழலி வணங்கி எழுதுவது. இங்கு நானும் அம்மாவும் சுகம். தாங்களும் தங்கள் அச்சுக்கூடத்தாரும் சுகமாயிருக்கச் சென்னிமலை முருகனை வேண்டுகிறேன்.

ஒன்பதாவதில் வினாடி வினாவுக்குப் பரிசாகத் தங்கள் அறிவியல் இதழுக்குச் சந்தா கட்டிக் கொடுத்தார்கள். பத்தாவதோடு என் பள்ளி நின்றது, இதழ் நிற்கவில்லை. சென்ற இதழில் அழிந்துபோன கடல் முதலைகளைப் பற்றி எழுதியிருந்தீர்கள். நீண்டு மெலிந்த தாடை உள்ள முதலை தலையைப் பக்கவாட்டில் வீசி மீனைக் கவ்வும். மெல்லத் தெரியாது, அப்படியே விழுங்கும். குட்டையாகத் தடித்த தாடையும் மழுங்கிய பல்லும் உள்ளதுதான் ஆமை ஓட்டை நொறுக்கும். இதைப் படித்ததால்தான் எனக்கு வேலை போகப் போகிறது.

நான் பனியன் கம்பெனியில் செக்கிங். பிரிண்ட் விரிசல் விடுகிறதா என்று ஒவ்வொரு பீஸையும் இரண்டு கையாலும் அகலமாக இழுத்துப் பார்ப்போம். தவறு இருந்தால் அந்த இடத்தில் அம்பு ஸ்டிக்கர் ஒட்டினால் போதும், வாய் திறக்க வேண்டியதில்லை. எனக்கு இந்த வேலை பிடித்ததே அதனால்தான். போன வாரம் ஏதோ வெளிநாட்டு அருங்காட்சியகக் கடைக்காகக் குழந்தைகள் டீ-ஷர்ட் வந்தது. நெஞ்சில் கடல் முதலை. தாடை ஊசி போல் நீளம், வாயில் ஆமை. முந்நூறு பீஸிலும் அதன் வாயில் ஸ்டிக்கர் ஒட்டிவிட்டேன்.

சூப்பர்வைசர் நாகஜோதி அக்கா ஒரு பீஸை இழுத்துப் பார்த்தார். "ஏங்கண்ணு, ஓட்டையுமில்ல, கறையுமில்ல. என்னத்துக்கு இத்தன ஒட்டி வெச்சிருக்கற?"

"அது ஆமை திங்காதுங்க அக்கா." எட்டு மாதத்தில் அங்கே நான் பேசிய முதல் முழு வாக்கியம் இது.

"ஏன், உங்க ஊட்டுல வளக்கறீங்களா?"

மேனேஜர் மகுடேஸ்வரன் சார் வந்து இன்னும் நன்றாக இழுத்துப் பார்த்தார். "செத்துப் பதினஞ்சு கோடி வருசமாச்சு. அது எதைத் தின்னா உனக்கென்ன?"

"தாடை ஒடைஞ்சிருமுங்க சார். அறிவியல் புஸ்தகத்துல போட்டிருக்காங்க."

சார் இரண்டு பேரை விட்டு ஒரு பீஸை இழுத்துப் பிடிக்கச் சொல்லி, போட்டோ எடுத்து, சரக்கு வாங்கும் வெளிநாட்டு பையருக்கு அனுப்பினார். "பத்து நாள்ல அந்தப் புஸ்தகக்காரங்ககிட்ட எழுதி வாங்கிட்டு வா. இல்லீனா வராத."

ஆகவே, மெலிந்த தாடை முதலை ஆமை தின்னாது என்று கையெழுத்திட்டு ஒரு வரி அனுப்பினால் என் வேலை நிலைக்கும். தங்கள் இதழ் பல்லாண்டு வாழட்டும்.

இப்படிக்கு,
பூங்குழலி

பி.கு.: உறையை ஒட்டும் முன் பையரிடமிருந்து பதில் வந்துவிட்டது. போட்டோவைப் பார்த்தார்களாம், அந்தப் பெண் சொன்னது சரியாம், ஆமையை எடுத்து மீன் போடச் சொல்லிவிட்டார்கள். எல்லோரும் கைதட்டினார்கள். சார் எனக்கு ஸ்டிக்கர் ஒட்டிய பீஸ் ஒன்றைப் பரிசாகக் கொடுத்தார். அம்மா அதைத் துவைத்துக் கொடியில் போட்டாள். யாரும் இழுக்காமல் அந்த முதலையை நான் பார்த்தது அப்போதுதான். தாடை குட்டையாக, அம்மிக்கல் போல் தடித்திருக்கிறது. பைலில் வைக்க வேண்டுமென்று சார் இன்னும் தங்கள் கடிதத்தைக் கேட்கிறார். ஆகவே மேலே கேட்டதை எழுத வேண்டாம். தடித்த தாடை முதலையும் எப்போதாவது மீன் தின்றிருக்கும் என்று மட்டும் எழுதுங்கள். கெட்டித் தாளில் எழுதுங்கள். அதையும் இழுத்துத்தான் பார்ப்பார்கள்.