கிளாரியின் நுரையீரலை அளந்த விதம்

மனிதகுலம் முதலில் நெருப்பை உண்டாக்கியது, பிறகு சக்கரத்தை. அதன்பின் நீண்ட நாள் சும்மா இருந்துவிட்டு, ஆஸ்திரேலியாவின் தென்கோடியில், ஹோபார்ட்டில், எங்கள் தீவிர சிகிச்சைப் பிரிவை உண்டாக்கியது. அங்கே நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவள் நான். இதைச் சொல்ல எனக்கு முழுத் தகுதி உண்டு.

வென்டிலேட்டரில் கிடப்பவரின் நுரையீரல் எவ்வளவு விறைப்பு என்று அளப்பதில் எங்கள் பேராசிரியர் ஃபென்விக்கை மிஞ்ச, இங்கிருந்து தென் துருவம் வரைக்கும் ஆள் கிடையாது. நடுவில் இருப்பவை பென்குயின்கள்தான் என்பது வேறு விஷயம். காற்றை உள்ளே தள்ளி, பொத்தானை அழுத்தி, மூச்சை அப்படியே நிறுத்தி, அழுத்தத்தைப் பார்க்க வேண்டும்; அது எவ்வளவு ஏறுகிறதோ, நுரையீரல் அவ்வளவு விறைப்பு. நிபந்தனை ஒன்றே ஒன்று: அந்த நேரத்தில் நோயாளி சொந்தமாக மூச்சு விடக் கூடாது.

இந்த நாகரிகம் கிளாரிக்குத் தெரியவில்லை. சிப்பி வளர்ப்பவர், நிமோனியாவோடு வந்தவர். ஒரு காலையில் கண் திறந்தார், மனைவி டல்சியின் விரலைப் பிடித்துக்கொண்டார், தன் பாட்டுக்கு மூச்சு விட ஆரம்பித்தார். திரையில் அழுத்தத்தைக் காட்டும் கோடு தாறுமாறாகக் குதித்தது.

"என்ன பண்றார் இவர்?" என்றார் ஃபென்விக்.

"மூச்சு விடறார்," என்றேன்.

"அது தெரியுது. நான் அளக்கறப்ப எதுக்கு விடறார்?"

"அவராவே விடறார்ல, தொண்டையில இருக்கற குழாயை எடுத்துடுங்களேன் ஃபென்விக்," என்றாள் டல்சி.

"அவசரப்படாதீங்க டல்சி. அவரால மூச்சு விட முடியுமான்னு முதல்ல அளந்து பாக்கணும்."

"அதைத்தான் எல்லாரும் பாத்துக்கிட்டு நிக்கறோம்."

"கண்ணால பாக்கறதெல்லாம் 'தரவு' ஆகாது."

"கல்யாணம் ஆனதுலேர்ந்து இந்தாளு குறட்டையைக் கேட்டுக்கிட்டு இருக்கேன். அதாவது தரவு ஆகுமா?"

ஆகாது என்றார்கள். கூட்டம் கூடியது. தேநீர், தேங்காய்த் தூள் தூவிய லாமிங்டன் கேக், 'நோயாளியின் ஒத்துழையாமை' குறித்த ஆழ்ந்த விவாதம். குழாயை எடுத்துவிட்டால் அளக்கவே தேவையில்லையே என்றார் ஒரு டாக்டர். தேங்காய்த் தூளைத் துடைத்துக்கொண்டே எல்லோரும் அவரைப் பரிதாபமாகப் பார்த்தார்கள். மயக்க மருந்தைக் கூட்டுவது, தசை அசையாமலிருக்க இன்னொரு மருந்தும் ஏற்றுவது என்று ஏகமனதாகத் தீர்மானம் நிறைவேறியது.

அதன்பின் கிளாரி தங்கமாக நடந்துகொண்டார். ஒரு அசைவு கிடையாது. அசையாமல் கிடந்த நெஞ்சில் புதுக் கிருமி குடியேறியது. நாளுக்கு நாள் அழுத்தம் ஏற, கோடும் கூடவே ஏறியது. துளி நடுக்கமில்லாத, அவ்வளவு லட்சணமான கோடு. சிட்னி மாநாட்டில் அதைத் திரையில் போட்டபோது எழுந்து நின்று கைதட்டினார்களாம்.

ஃபென்விக் திரும்பி வந்ததும் நேரே டல்சியிடம் போனார். "நுரையீரல் பலகை மாதிரி ஆயிடுச்சு டல்சி. இனிமே அவரா மூச்சு விடறது கஷ்டம். நல்ல வேளை, அன்னிக்குக் குழாயை எடுக்கல."

"அன்னிக்கு அவரேதானே விட்டுக்கிட்டு இருந்தார்?"

ஃபென்விக் நேர்மையானவர். கம்ப்யூட்டரில் நெடுநேரம் தேடிவிட்டுத்தான் பதில் சொன்னார்: "அப்படி ஒரு அளவு எங்ககிட்ட இல்லியே."

விஞ்ஞானம் பொய் சொல்லாது. கிளாரி மூச்சு விட்டதற்கு இன்றுவரை எந்த ஆதாரமும் இல்லை. விட முடியாது என்பதற்கு மட்டும் அந்த அழகான கோடு இருக்கிறது. அதை அவர் நெஞ்சுக்குள்ளேயே போய் வரைந்தது எங்கள் பிரிவு.