சாம்பல் அட்டை செய்த துரோகம்

டிஜிட்டல் கேமராவைத் தோற்கடிப்பது என்று முடிவு செய்தேன். இல்லாவிட்டால் என் கதி அதோகதி.

முப்பது வருஷமாக ஓவியங்களைப் படம் எடுக்கிறேன். ஓவியர் தீட்டிய நீலம் புத்தகத்திலும் அதே நீலமாக வரவேண்டும். அதுதான் என் தொழில். எல்லாம் ஃபிலிம். அதைக் கழுவ, வீட்டின் இரண்டாவது குளியலறையை இருட்டறை ஆக்கியிருந்தேன். கதவுக்கு மேலே ஒரு சிவப்பு விளக்கு. அது எரிந்தால் யாரும் தட்டக்கூடாது. இந்த வீட்டில் நான் போட்டு நிலைத்த ஒரே சட்டம் அதுதான்.

மிச்சமிருந்த ஒரு குளியலறைக்கு நானும் மனைவியும் மூன்று பிள்ளைகளும் காலையில் வரிசையில் நிற்போம். அதில் எனக்கு ஒரு லாபம் உண்டு. மாமியார் வந்தால் இரண்டே நாளில் கிளம்பிவிடுவார். "உங்க வீட்டுல குளிக்க டோக்கன் வாங்கணும் போல" என்பார்.

அந்த நிம்மதிக்கும் வந்தது ஆபத்து. ஓவியக்கூடத்துக்காரர் ஒரு டிஜிட்டல் கேமராவைக் கையில் திணித்தார்.

"ஒரே ஒரு ஓவியம் இதுல எடுத்து அனுப்புங்க சார். நிறம் சரியா வந்தா இனிமே எல்லாமே இதுதான். வரலைன்னா பழையபடி ஃபிலிம்."

இது மனைவி காதில் விழுந்தது. அன்றைக்கே டேப்பை எடுத்து இருட்டறையை அளந்தாள்.

"எதுக்கு அளக்குற?"

"ஷவர் எங்க வைக்கலாம்னு பாக்குறேன்."

"டிஜிட்டல்ல நிறம் சரியா வராது."

"வராட்டி பாத்துக்கலாம். எங்கம்மா வந்து இருந்துட்டுப் போறேன்னு சொல்லியிருக்காங்க."

"எப்பப் போவாங்க?"

"இருக்கறதப் பத்திதான் பேசினோம். போறதப் பத்தி இன்னும் பேசலை."

எனக்கு வயிற்றைக் கலக்கியது. அதற்கும் வரிசையில் நின்றேன்.

ஓவியம் வந்தது. மஞ்சள் வயலில் ஒரு வெள்ளைப் பசு. என்ன வெளிச்சத்தில் எடுக்கிறோம் என்று கேமராவுக்குச் சொல்ல ஒரு பொத்தான் உண்டு. அதை வேண்டுமென்றே தப்பாக வைத்து எடுத்தேன். பசு மைக்கூட்டில் விழுந்து எழுந்த மாதிரி நின்றது. எனக்கு அழகாகத்தான் தெரிந்தது.

மனைவி கம்ப்யூட்டரை எட்டிப் பார்த்தாள்.

"என்னங்க, மாடு நீலமா இருக்கு?"

"நான் என்ன பண்றது? மிஷின் லட்சணம் அப்படி."

"பாவம்" என்றாள். மாட்டைச் சொன்னாளா, என்னைச் சொன்னாளா தெரியவில்லை. "நீங்க சாப்பிட்டுச் சித்த நேரம் படுங்க. நான் அனுப்பி வைக்கிறேன்."

படுத்தேன். அங்கேதான் விழுந்தேன்.

மறுநாள் போன் வந்தது. "அசத்திட்டீங்க சார். ஓவியரே அசந்துபோயிட்டார்."

"மாடு?"

"பால் மாதிரி இருக்கு சார்."

போனை வைத்துவிட்டு மனைவியிடம் ஓடினேன். அவள் துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

"மாடு எப்படி வெளுத்துச்சு?"

"நீங்க எடுத்த முதல் படத்துல ஓவியத்துக்குப் பக்கத்துல சாம்பல் கலர் அட்டை ஒண்ணு இருந்துச்சுல்ல? அதுவும் நீலமாத் தெரிஞ்சுது. 'இதுதாம்ப்பா சாம்பல்'னு கம்ப்யூட்டருக்கு அந்த அட்டையைத் தொட்டுக் காட்டினேன். மாடு, வயலு எல்லாம் தானா சரியாயிடுச்சு. கேமராவோட வந்த புத்தகத்துல போட்டிருக்காங்களே, நீங்க படிக்கலையா?"

எந்த ஓவியமானாலும் முதல் படத்தில் அந்த அட்டையை வைத்துத்தான் எடுப்பேன். நிறத்துக்கு அதுதான் சாட்சி. முப்பது வருஷப் பழக்கம். திருடப் போன இடத்திலும் என் கை என் விலாசத்தை எழுதி வைத்துவிட்டு வந்திருக்கிறது.

போன வாரம் மாமியார் வந்து சேர்ந்தார். மூன்று பெட்டிகள். மூன்றும் பெரியவை.

இன்று காலை எனக்கு ரொம்ப அவசரம். பழைய குளியலறையில் பெரிய பையன், வாசலில் மற்ற இருவர். இருட்டறை போய் ஷவர் வந்த புதியதற்கு ஓடினேன். உள்ளே தண்ணீர்ச் சத்தம், கூடவே மாமியாரின் பாட்டு. தட்டுவதற்குக் கையை ஓங்கி, நிமிர்ந்து பார்த்தேன்.

சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது.