கதவு முன்னால் ஐம்பது நிமிடம்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தாங்களும் தங்கள் அலுவலகத்தில் உள்ள அனைவரும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். உடல்நலம் சரியில்லாதவர் யாராவது இருந்தால் இந்தக் கடிதத்தை அவர் கையில் கொடுக்க வேண்டாம். இது கோபமாக எழுதப்படும் கடிதம். எனக்குக் கோபமாக எழுதிப் பழக்கமில்லை. எங்காவது கோபம் போதவில்லை என்று தோன்றினால் தாங்களே கொஞ்சம் சேர்த்துப் படித்துக்கொள்ள வேண்டும்.

முதலில் நான் யார் என்று சொல்லிவிடுகிறேன். லிஃப்ட் ஆய்வாளராக முப்பத்து நான்கு ஆண்டுகள் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். தனி ஆளாகவும் சிறு குழுவாகவும் வீடியோ கேம் செய்பவர்களுக்காகத் தாங்கள் நடத்தும் இணைய இதழை மூன்று ஆண்டுகளாக ஒரு வாரம்கூட விடாமல் படித்து வருகிறேன். நான் கேம் செய்பவன் அல்ல. என் மகள் செய்கிறாள், எங்கள் வீட்டு முன்னறையில், ஜன்னலோர மேசையில், ஒற்றை ஆளாக. அவளுக்கு இதழ் படிக்க நேரமில்லை என்பதால் நான் படித்து, வேண்டியதை அச்செடுத்து, துளையிட்டு அட்டைக் கோப்புகளில் சேர்த்து வைக்கிறேன். செய்திகளுக்கு நீல அட்டை, உதவிக் குறிப்புகளுக்கும் இலவச ஒலிகள், படங்கள் கிடைக்கும் இடங்களுக்கும் பச்சை, போட்டிகளுக்கும் கடைசித் தேதிகளுக்கும் சிவப்பு. மகள் மூன்றையும் இதுவரை திறந்து பார்த்ததில்லை என்றாலும் வீணாக்கவில்லை. கம்ப்யூட்டர் திரை கண்ணுக்கு நேராக இருக்க வேண்டும் என்று மூன்றையும் அதன் அடியில் அடுக்கி வைத்திருக்கிறாள்.

இனி புகாருக்கு வருகிறேன். சென்ற வார இதழில், எழுதியவர் பெயர் இல்லாமல், 'சோதனை ஆட்டத்தில் கற்ற பாடம்' என்ற கட்டுரை வந்திருக்கிறது. அதில் 'முதல் அறையின் கதவு முன்னால் ஐம்பது நிமிடம் அசையாமல் நின்ற, ஆர்வம் என்பதே இல்லாத ஒரு முதியவர்' என்று ஒருவர் வருகிறார். அந்த முதியவர் நான்தான்.

நடந்தது என்னவென்று தங்களுக்குத் தெரிய வேண்டும். கேம் விளையாடியே பழக்கமில்லாத ஒருவரை உட்காரவைத்து விளையாடச் சொல்லுங்கள், நீங்கள் பின்னால் உட்கார்ந்து பாருங்கள், வாய் திறக்காதீர்கள், பெருமூச்சுகூட விடாதீர்கள் என்று இரண்டு மாதத்துக்கு முன் எழுதியது தாங்கள்தான். அச்செடுத்துக் கொடுத்தது நான்தான். பழக்கமில்லாத ஆள் வீட்டிலேயே இருக்கும்போது வெளியே தேடுவானேன் என்று மகள் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு என்னை உட்காரவைத்தாள். ஒன்பது மாடிக் கட்டடம் ஒன்றுக்குப் புதிதாக வேலைக்கு வரும் பராமரிப்பாளர்தான் கதாநாயகர். முதல் அறை ஒரு சின்ன அலுவலகம். மேசை, நாற்காலி, சாவி மாட்டும் பலகை, ஒரு கதவு. கதவில் ஒரு போர்டு. அனுமதியின்றி உள்ளே வரக் கூடாது என்று அதில் எழுதியிருந்தது.

ஐயா, நானூறு கட்டடங்களின் மேல்தளத்தில், லிஃப்ட் எந்திர அறைக் கதவுகளில் அதே போர்டை என் கையால் திருகி மாட்டியிருக்கிறேன். அதை மதிக்காமல் உள்ளே போன ஒருவருடைய சட்டை எந்திரத்தில் சிக்கிக் கைக்குக் கட்டுப் போட்டதையும் பார்த்திருக்கிறேன். அப்படிப்பட்டவன் அந்தக் கதவைத் தள்ளிவிட்டு எப்படிப் போவேன்? அனுமதி கொடுப்பவர் வருவார் என்று நின்றேன். சும்மாவும் நிற்கவில்லை. தரையில் தொண்ணூற்றாறு சதுரக் கற்கள் இருந்தன, எண்ணினேன். மேற்கூரையில் இடது மூலையில் விரிசல் இருந்தது, குறித்துக்கொண்டேன். சாவிப் பலகையில் ஏழாவது கொக்கி மட்டும் தலைகீழாக மாட்டப்பட்டிருந்தது, அதையும் குறித்துக்கொண்டேன். இதற்குப் பெயர் ஆர்வமின்மை என்றால் ஆர்வமுள்ளவர் வேறு என்ன செய்வார் என்று அந்தக் கட்டுரையாளர் எனக்கு எழுதித் தெரிவிக்கட்டும். என் முதுகுக்குப் பின்னால் மகள் மூச்சுகூட விடாமல் உட்கார்ந்திருந்தாள். எப்போதும் துறுதுறுவென்று இருப்பவள் இவ்வளவு அமைதியாக இருக்கிறாளே, நாம் சரியாகத்தான் விளையாடுகிறோம் போலிருக்கிறது என்று எனக்குள் ஒரு பெருமைகூட இருந்தது.

ஐம்பதாவது நிமிடம் என் மனைவி காபி டம்ளரோடு வந்து எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்து, "என்னங்க, ரெண்டு பேருக்கும் சண்டையா?" என்று கேட்டாள். மகள் பேசக் கூடாதென்பதால் கையால் திரையைக் காட்டினாள். மனைவி குனிந்து படித்துவிட்டு, "அது வெறும் படம். தள்ளிட்டுப் போங்க" என்றாள். "போர்டு போட்டிருக்கே" என்றேன். அப்போதுதான் மகள் எழுந்து அடுத்த அறைக்குப் போய்த் தலையணையில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். அழுகிறாளோ என்று பயந்துபோய்ப் பார்த்தேன், சிரிப்புதான். ஆனாலும் அதில் பாதி அழுகை மாதிரித்தான் எனக்குப் பட்டது. அந்த போர்டை அழகுக்காக மாட்டினாளாம். அதை ஒருவர் படித்துக் கீழ்ப்படிவார் என்று அவளுக்குத் தோன்றவே இல்லையாம்.

இது எங்கள் வீட்டுக்குள் நடந்த விஷயம். இதைத் தங்கள் கட்டுரையாளர் எப்படியோ தெரிந்துகொண்டு ஊர் அறியச் செய்துவிட்டார். சோதனை ஆட்டங்களின் காணொளிகளை மகள் எங்கேயோ போட்டுவைப்பாள், அங்கிருந்து எடுத்திருக்க வேண்டும். கட்டுரைக்குக் கீழே ஒருவர், 'பெரியவர் இன்னும் அங்கேயேதான் நிற்கிறாரா?' என்று கேட்டிருக்கிறார். அதற்குப் பலர் சிரிப்புப் பொம்மை போட்டிருக்கிறார்கள். எங்கள் கீழ்வீட்டுப் பல் டாக்டருக்கும் இந்த விஷயத்துக்கும் என்ன சம்பந்தம்? அவர் மாடிப்படியில் என்னைப் பார்த்து ஒதுங்கி நின்று, "வாங்க, உங்களுக்கு அனுமதி உண்டு" என்கிறார். இந்தக் கட்டுரையை எழுதியவருக்குத் தகப்பன் என்று ஒருவர் இருந்திருந்தால் இப்படி எழுதியிருக்க மாட்டார். இருந்திருந்தாலும் அவரை இவர் ஒருநாளும் சரியாகப் பார்த்திருக்க மாட்டார்.

என்னைச் சொன்னது போகட்டும். அதனால் ஏற்பட்ட விளைவுதான் எனக்குத் தாங்க முடியவில்லை. புதிய கேம்களைத் தேர்ந்தெடுத்துக் காட்டுவதற்காகத் தாங்கள் நடத்தும் தேர்வுக் காட்சிக்கு மகள் தன் கேமின் முதல் பகுதியை வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணிக்குள் அனுப்ப வேண்டும். தேர்வாகிவிட்டால் இன்னும் ஓராண்டு இதிலேயே இருந்து முடித்துவிடலாம் என்பது அவள் எண்ணம். இல்லையென்றால் ஒரு காப்பீட்டு நிறுவனத்தில் சேர வேண்டியதுதான். அவர்கள் கடிதம் மேசைமேல் இருக்கிறது, திங்கட்கிழமைக்குள் பதில் கேட்டிருக்கிறார்கள். இப்படிப்பட்ட நேரத்தில் இந்தக் கட்டுரை வந்தது. வந்த அன்றே மகள் அந்தக் கதவை எடுத்துவிட்டாள். போர்டை மட்டும் கழற்றியிருந்தால்கூட ஆறுதல்பட்டிருப்பேன். கதவையே எடுத்துவிட்டாள். கீல்முதல் கைப்பிடிவரை மூன்று வாரம் உட்கார்ந்து செய்த கதவு, ஐயா. திறக்கும்போது லேசாகத் தொங்கி ஒரு சத்தம் போடும் என்று அவளே சொல்லியிருக்கிறாள். நான் திறக்காததால் கேட்டதில்லை.

என்னால் நேர்ந்த நஷ்டம் என்பதால் என்னால் முடிந்த உதவியைச் செய்ய நினைத்தேன். தங்கள் இதழின் உதவிக் குறிப்புகளில், கம்ப்யூட்டர் கோப்புகளுக்கு ஒழுங்கான பெயர் வைத்தால் பாதி வேலை மிச்சம் என்று ஒரு கட்டுரை இருக்கிறது, பச்சை அட்டையில் நாற்பத்தோராம் பக்கம். மகளின் கம்ப்யூட்டரில் பார்த்தால் 'கதவு கடைசி', 'கதவு நிஜமாவே கடைசி', 'ஐயோ', 'ஐயோ இரண்டு' என்றெல்லாம் பெயர்கள். செவ்வாய்க்கிழமை அவள் வெளியே போயிருந்த நேரத்தில் உட்கார்ந்து எல்லாவற்றுக்கும் எண்ணிட்டு, வகை பிரித்து, நல்ல தமிழில் பெயர் வைத்தேன். அவள் வந்து கேமைத் திறந்தாள். தரை முழுவதும் ரோஜா நிறமாகிவிட்டது. பராமரிப்பாளர் இடுப்புக்குக் கீழே ஒன்றுமில்லாமல் மிதந்து வந்தார். லிஃப்டை அழைத்தால் பூனை கத்தியது, கேமில் வரும் பூனையோ கதவு மாதிரிக் கிரீச்சிட்டது.

"அப்பா, ஏதாவது தொட்டீங்களா?"

"தொடலம்மா. பேர் மட்டும் மாத்தினேன்."

"எத்தனைக்கு?"

"இருநூத்தி எண்பத்தாறு."

மகள் நாற்காலியிலிருந்து இறங்கித் தரையில் உட்கார்ந்துவிட்டாள். ஒரு கோப்பின் பெயரை மாற்றினால் கேமுக்கு அது எங்கே இருக்கிறதென்றே தெரியாமல் போய்விடுமாம். இந்த ஒரு வரியைத் தங்கள் கட்டுரையில் போட்டிருக்கலாம். அல்லது 'இக்குறிப்பு தகப்பன்மார்களுக்கு அல்ல' என்றாவது போட்டிருக்கலாம். நல்லவேளையாக நான் மாற்றியதை எல்லாம் ஒரு நோட்டில் எழுதி வைத்திருந்தேன். அதை எடுத்துக் கொடுத்தேன். அவள் புரட்டிப் பார்த்து, "பழைய பேரு, புதுப் பேரு, மாத்தின நேரம். நேரம் எதுக்குப்பா?" என்றாள். ஆய்வு என்றால் நேரம் குறிக்காமல் எப்படி? புதன்கிழமை முழுவதும் நான் வாசிக்க வாசிக்க அவள் ஒவ்வொன்றாகப் பழைய பெயருக்கு மாற்றினாள். ஐயோ இரண்டு, ஐயோ மூன்று என்று சத்தமாக வாசித்துக்கொண்டிருந்ததில் மனைவி இரண்டு முறை ஓடிவந்து பார்த்தாள். எல்லாம் பழையபடி ஆகிவிட்டது, பூனையைத் தவிர. பூனை இன்னும் கிரீச்சிடுகிறது. அது இப்படியே நன்றாக இருக்கிறது என்கிறாள் மகள். அவள் தோற்றுப்போய்ச் சொல்கிறாளா, நிஜமாகவே சொல்கிறாளா என்று எனக்குத் தெரியவில்லை.

இடையில் ஒன்று. தங்கள் இலவச ஒலிப் பட்டியலில் 'லிஃப்ட்' என்று இருப்பது எண்ணெய் அழுத்தத்தில் ஏறும் லிஃப்டின் சத்தம். ஒன்பது மாடிக்கு அது சரிப்படாது, கயிற்றில் இழுக்கும் லிஃப்ட்தான் வேண்டும். இதுபற்றி மூன்று கடிதம் எழுதிவிட்டேன், பதில் இல்லை. கோபத்தோடு கோபமாக இதையும் சேர்த்துக்கொள்ளவும்.

இன்று வியாழக்கிழமை. என் கோரிக்கைகளைச் சொல்லிவிடுகிறேன். ஒன்று, கதவில் குறையில்லை, குறை சோதித்தவரிடம்தான் என்று வரும் இதழில் மறுப்பு வெளியிட வேண்டும். என் பெயரைப் போட்டுக்கொள்ளலாம், படம் வேண்டாம். இரண்டு, ஒரு நாள் முழுவதும் என்னால் வீணானதால், கடைசித் தேதியை என் மகளுக்கு மட்டும் இரண்டு நாள் தள்ளிவைக்க வேண்டும். அது மற்றவர்களுக்கு அநியாயம் என்றால் எல்லோருக்கும் தள்ளிவைக்கவும். எல்லோருக்கும் சிரமம் என்றால் இதை நான் கேட்கவில்லை என்று வைத்துக்கொள்ளவும். மூன்றாவதைக் கேட்பதா வேண்டாமா என்று காலையிலிருந்து யோசிக்கிறேன். அந்தக் காப்பீட்டு வேலைக்குப் போக வேண்டாம், கதவை மறுபடி மாட்டிவிட்டு இதையே முடி என்று தாங்கள் அவளுக்கு ஒரு வரி எழுத வேண்டும். நீங்களே சொல்லலாமே என்று கேட்பீர்கள். நான் சொல்லி, அவள் போகாமல் இருந்து, பிறகு ஒன்று கிடக்க ஒன்று ஆகிவிட்டால்? மூன்று வருடமாக அவள் முதுகைப் பார்த்துக்கொண்டு பின்னால் உட்கார்ந்திருக்கிறேன், ஐயா. அவள் நன்றாகச் செய்கிறாள் என்று தோன்றுகிறது. ஆனால் எனக்குத் தோன்றுவதை வைத்து யாரும் எதையும் முடிவு செய்துவிடக் கூடாது. தாங்கள் சொன்னால் அது துறை சார்ந்த கருத்து ஆகும்.

கோபத்தில் மரியாதைக் குறைவாக ஏதாவது எழுதியிருந்தால் பொறுத்துக்கொள்ளவும். தங்கள் இதழ் நீடூழி வாழ வேண்டும். அதில் எழுதும் எல்லோருடைய வீட்டிலும் நல்ல காரியங்கள் நடக்க வேண்டும், அந்தக் கட்டுரையாளர் வீட்டில் மட்டும் சற்றுத் தாமதமாக. தங்கள் குடும்பத்தாருக்கு என் அன்பும் ஆசியும்.

இப்படிக்கு,
மிகுந்த மனவருத்தத்துடன்,
கட்டுரையில் கூறப்பட்ட முதியவர்

பி.கு.: அவள் விஷயம் என்பதால், அனுப்பும் முன் கடிதத்தை மகளிடம் காட்டினேன். பாதியிலேயே நாற்காலியைத் திருப்பிக்கொண்டு, "அப்பா, அந்தக் கட்டுரைய எழுதினதே நான்தான்" என்றாள். நான் ஒரு வாரம்கூட விடாமல் படிப்பேன் என்று தெரிந்துதான் பெயர் போடவில்லையாம். "நான் திட்டினது கதவைத்தான், உங்கள இல்ல" என்றாள். "ஆர்வம் என்பதே இல்லாதவர்னு போட்டிருக்கியே" என்றேன். "அந்த எடத்துல கொஞ்சம் அவசரப்பட்டுட்டேன். நீங்க கல்லு எண்ணினது எனக்குத் தெரியாதுல்ல" என்றாள். கட்டுரையைப் படித்து அவள் கதவை எடுக்கவில்லையாம். கதவை எடுப்பதென்று முடிவான பிறகுதான் கட்டுரையே எழுதினாளாம். எனவே மறுப்பு வேண்டாம். கட்டுரையாளரின் தகப்பனைப் பற்றி எழுதியிருக்கும் இரண்டு வாக்கியங்களையும், அவர் வீட்டில் நல்ல காரியம் தாமதமாக நடக்கட்டும் என்ற ஆசியையும் தயவுசெய்து அடித்துவிடவும். தேதியையும் தள்ளிவைக்க வேண்டாம். இன்று காலை நான் இந்தக் கடிதத்தைப் பிரதி எடுத்துக்கொண்டிருந்தபோதே கேமை அனுப்பிவிட்டாளாம், கதவு இல்லாமல், கிரீச்சிடும் பூனையோடு. தேர்வானாலும் ஆகாவிட்டாலும் வர இயலாது என்று காப்பீட்டு நிறுவனத்துக்கும் நேற்றே எழுதிவிட்டாள். எனக்குக் கவலையாகத்தான் இருக்கிறது. இருந்தாலும் மத்தியானம் இரண்டு கவளம் கூடுதலாகவே சாப்பிட்டேன். ஆகவே இக்கடிதத்தில் தாங்கள் செய்ய வேண்டியது எதுவும் இல்லை. மூன்று முறை திருத்திப் பிரதி எடுத்ததைக் கிழிக்க மனம் வராததால் அனுப்புகிறேன். லிஃப்ட் சத்தம் பற்றிய பத்தி மட்டும் அப்படியே நிற்கிறது.

புது வடிவத்தை இப்போதுதான் விளையாடிப் பார்க்கிறேன். முதல் அறையை நான்கே நிமிடத்தில் கடந்துவிட்டேன். இரண்டாவது அறையில் ஒருவர் குனிந்து ஏதோ எழுதிக்கொண்டிருக்கிறார். மகள் பின்னால்தான் உட்கார்ந்திருக்கிறாள், ஒன்றும் சொல்லவில்லை. அவர் எழுதி முடித்து நிமிரட்டும் என்று நிற்கிறேன். கொஞ்ச நேரம் ஆகிவிட்டது. அதற்குள்தான் இந்தப் பின்குறிப்பை எழுதி முடித்தேன்.