நைஸுக்குப் பதினாறு வரி

ஆறு மாதக் குழந்தையின் நெஞ்சில் பதினாறு வரி நிற்கவில்லை.

"பெரிய சைஸ்ல நிக்குது, அண்ணாச்சி. சின்னதுல கழுத்து வரைக்கும் ஏறுது" என்றான் ராபின். துணியில் அச்சடிக்கும் பிரிண்டிங் யூனிட்டின் டிசைனர். தூத்துக்குடிக்காரன்.

யூனிட்டைப் பார்த்துக்கொள்ளும் சிவராஜ் திரையைக் கவனித்தார். மேலே பெரிதாக 'நைஸ்' என்ற ஆங்கிலச் சொல். கீழே எண் போட்டு அதன் அர்த்தங்கள். அதற்கும் கீழே அந்தச் சொல் எங்கிருந்து வந்தது என்ற கதை. அகராதியில் இருப்பது போலவே.

"கடைசி மெயில்ல வந்தது இதுதானுங்க தம்பி?"

"இதான்."

"அப்ப இதுதான்."

உடுப்பு வாங்கும் வெளிநாட்டுப் பையர்கள் ஒரு டிசைனைப் பத்து முறை மாற்றுவார்கள். ஒருமுறை பழையதை அச்சடித்து, ஆர்டர் முழுதாகத் திரும்பி வந்தது. அன்று சிவராஜ் ஒரு சட்டம் போட்டார். கடைசி மெயில் மட்டும்தான். முந்தையதைத் திறந்தே பார்க்கக் கூடாது. முதலாளி சேக் தாவூதும் அன்றே ஒரு சட்டம் போட்டார். இன்னொன்று திரும்பி வந்தால் சிவராஜ் வேறு வேலை தேடிக்கொள்ளலாம்.

இது டென்மார்க் ஆர்டர். நாலாயிரம் ராம்பர். குழந்தைக்குக் கழுத்திலிருந்து கால்வரை ஒரே உடுப்பு. வெள்ளிக்கிழமை லாரி.

"நாலஞ்சு அர்த்தத்த எடுத்துருவமா, அண்ணாச்சி?"

"பையர் அனுப்புனதுல கை வெக்க நாம யாருங்க? எழுத்தைச் சின்னதாக்குங்க."

ராபின் சின்னதாக்கினான். எழுத்தின் ஓட்டைகளை மை அடைத்தது. துணியில் எறும்புச் சாரை ஊர்ந்தது.

"நதியாக்காட்ட ஒரு வார்த்தை கேட்டுருவமா?"

நதியா மெர்ச்சண்டைசர். பையருக்கு மெயில் எழுதுவது அவள் வேலை. தங்கை கல்யாணத்துக்காக மூலனூர் போயிருந்தாள்.

"கல்யாண ஊட்டுக்குப் போன புள்ளைய எதுக்குங்க கூப்பிடறீங்க? பாதிய முன்னால போடுங்க, பாதிய பின்னால போடுங்க. முடிஞ்சுது."

அச்சு விழுவது வெட்டிய துணியில். எது எங்கே வருகிறது என்பது தைத்த பிறகுதான் தெரியும். மறுநாள் செக்கிங் மேசையில் கவிப்பிரியா ஒரு ராம்பரைத் திருப்பிப் பிடித்தபடி நின்றாள். ஆங்கிலத்தில் எம்.ஏ. முடித்தவள்.

"அண்ணா, இதைப் படிச்சுப் பாத்தீங்களா?"

"படிக்கறது நம்ம வேலை இல்ல கண்ணு."

"குழந்தை உக்கார்ற எடத்துல 'முட்டாள்'னு வந்திருக்குதுங்க."

சிவராஜ் ஸ்டூலில் உட்கார்ந்தார். உடனே எழுந்துகொண்டார்.

"நைஸ்னா நல்லதுதான?"

"இப்பத்தானுங்க நல்லது. லத்தீன்ல 'அறியாதவன்'. பிரெஞ்சுக்குப் போயி முட்டாளாச்சு. இங்கிலீசுக்குள்ளயும் முட்டாளாவேதான் வந்துச்சு. அப்புறம் கூச்சக்காரன், அப்புறம் எதுலயும் குத்தம் பாக்கறவன், அப்புறம் துல்லியம். எல்லாம் முடிஞ்சுதான் நல்லவன்."

"முட்டாளு நல்லவனாக எத்தன நாளாச்சு?"

"ஐந்நூறு வருசத்துக்கிட்டங்க."

"நமக்கு வெள்ளிக்கிழமை வரைக்கும்தான் டைம்."

முன்பக்கத்தைப் பின்னாலும் பின்பக்கத்தை முன்னாலும் மாற்றினார்கள். முட்டாள் நெஞ்சுக்கு வந்தான். இஸ்திரி போடும் மருதாளுக்கு ஆங்கிலம் தெரியாது. கவிப்பிரியா படித்துச் சொன்னாள். மருதாள் பெட்டியை நிமிர்த்தி வைத்தாள்.

"ஏஞ்சாமி, பெத்தவ பாத்தாச் சண்டைக்கு வரமாட்டாளா?"

"அவங்க டென்மார்க்குங்க."

"டென்மார்க்குல பெத்தவ இல்லீங்களா?"

சிவராஜ் யோசித்தார். அவருக்கு யோசனை வரத் தவறியதே இல்லை. இதற்குள் துணி தீர்ந்திருந்தது. அடுத்த மாத ஆர்டருக்கு வைத்திருந்த துணியை இறக்கினார்.

"கால்ல போடுங்க. இடது கால்ல சொல்லு பொறந்த கதை. வலது கால்ல அர்த்தம். முட்டாளைக் கொண்டுபோயி முழங்கால் மடிப்புல வெச்சிருங்க. கொழந்தை எப்பவும் காலை மடக்கித்தான் வெச்சிருக்கும்."

இரண்டு நாள் மெஷின் நிற்கவில்லை. நாலாயிரம் ராம்பர். எட்டாயிரம் கால். ஒரு முட்டாளும் வெளியே தெரியவில்லை.

வெள்ளிக்கிழமை ஜும்மா தொழுகை முடிந்து சேக் தாவூது வந்தார். ஒரு ராம்பரை இரண்டு கையாலும் தூக்கி வெளிச்சத்தில் பிடித்தார். வலது காலை மடக்கினார். நீட்டினார். மறுபடி மடக்கினார்.

"நாங்கூட இது தேறாதுன்னு நெனச்சேன் சிவராஜ். புள்ள உடுப்புல ஒரு புத்தகத்தையே ஏத்திட்டீங்களே."

"பையர் அனுப்புனதுல ஒரு எழுத்து விடலீங்க."

"அடுத்த மாசத்துலருந்து பாக்டரியையும் நீங்களே பாத்துக்குங்க."

ராபின் முதலில் கை தட்டினான். பெட்டிகள் லாரியில் ஏறின. சிவராஜ் லாரியின் ஓரத்தில் சாய்ந்து நின்று டீ குடித்தார். மூன்று நாளில் அதுதான் சூடாகக் குடித்த முதல் டீ.

அப்போது நதியா லட்டு டப்பாவோடு உள்ளே வந்தாள். முதலாளிக்கு ஒன்று, சிவராஜுக்கு இரண்டு. மேசையில் கிடந்த ராம்பரை எடுத்தாள். இடது காலைப் படித்தாள். வலது காலைப் படித்தாள். மடிப்பையும் விரித்துப் படித்தாள்.

"ஏனுங்கண்ணா, போட வேண்டிய பிரிண்ட்டு முந்தின மெயில்ல இருக்கற வாத்துப் படமுங்களே. நம்ம சாம்பிளைப் பாத்துட்டு பையரு 'நைஸ்'னு மட்டும் எழுதியிருந்தாரு. அது ஓகேன்னு அர்த்தமா, இல்லையான்னு கேட்டிருந்தனுங்க. அதுக்கு வந்த பதிலுங்க இது."